பைனரி சர்ச் லூப் நிற்காமல் ஓடியது, சரிசெய்த விதம்

ஒரு எண்ணின் வர்க்கமூலத்தில் முழு எண் பகுதியை மட்டும் பைனரி சர்ச் (தேடும் வரம்பை ஒவ்வொரு சுற்றிலும் பாதியாகக் குறைக்கும் முறை) மூலம் எடுக்கும் கணக்கு. 4 கொடுத்தால் 2 வந்தது. 10 கொடுத்தால் நிரல் அப்படியே தொங்கியது.

நண்பரும் நானும் முதலில் லூப்பின் நிபந்தனையைத்தான் சந்தேகப்பட்டோம். அதில் ஒன்றுமில்லை. அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் லோ (வரம்பின் கீழ் எல்லை), ஹை (மேல் எல்லை), மிட் (இரண்டின் நடு எண்) மூன்றையும் தாளில் எழுதினோம். (நிரலையே முறைத்துப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.) லோ 3, ஹை 4 ஆனதும் மிட் = 7/2, முழு எண் வகுத்தலில் பின்னம் போய்விடும், அதாவது 3. மூன்றின் வர்க்கம் 9, பத்துக்குள் அடங்குகிறது; அதனால் லோ = மிட், மறுபடியும் 3. அடுத்த சுற்றும் அதே கதை.

லோ = மிட் என்று வைத்தால் மிட்டை மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும்: (லோ + ஹை + 1)/2. இப்போது மிட் 4. வர்க்கம் 16, அதிகம். ஹை = மிட் - 1 = 3. லோவும் ஹையும் ஒன்றானதால் லூப் முடிந்தது.

பெரிய எண்களுக்கு இன்னொரு சிக்கல் வந்தது. 46341-இன் வர்க்கமே 32 பிட் இன்ட்டில் (முழு எண் மாறியில்) அடங்காது. மாறிகளை 64 பிட்டுக்கு மாற்றியதும் அதுவும் சரியானது.