முதலில் போன், பத்து நாள் கழித்து சிம்

அப்பாவின் வீடு ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. நான் பொள்ளாச்சியில் ஒரு தென்னை நார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். முதல் தடவை அவருக்குப் புது போன் வாங்கிய அன்றைக்கே, நம்பரையும் வேறு நெட்வொர்க்குக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரே அலைச்சலில் இரண்டு வேலையும் முடியட்டும் என்ற நினைப்பு. சனிக்கிழமை கொடுத்தது, புதன்கிழமை பழைய சிம் செத்தது. புது சிம்மைப் போட்டதும் சிக்னல் வந்துவிட்டது. பழைய சிம்மை நானே கத்தரித்துக் குப்பையில் போட்டேன்.

சாயங்காலம் அப்பா கேட்டார்: "கண்ணு, மாட்டு டாக்டர் நம்பர் எங்க காணோம்?"

மாட்டு டாக்டர் மட்டுமல்ல. பால் சொசைட்டி, மரம் ஏறுகிற ஆள், மோட்டார் ரிப்பேர், என் இரண்டு சித்திகள், எல்லோரும் பழைய சிம்முக்குள் இருந்திருக்கிறார்கள். பட்டன் போன் காலத்தில் சிம்மில் பதிந்தது அப்படியே கிடந்திருக்கிறது. போன் மாற்றியபோது கூகுள் கணக்கிலிருந்து புதுசுக்கு வந்ததெல்லாம் பதினோரு பேர்.

அதற்குப் பிறகு வீட்டில் நாலு பேருக்கு மாற்றிக் கொடுத்தாயிற்று. இப்போது என் வழக்கம் இதுதான்: போனை முதலில் மாற்று, பத்து நாள் விடு, அப்புறம் சிம்மைத் தொடு. நடுவில் ஏதாவது வேலை செய்யவில்லை என்றால் கோளாறு எதில் என்று தெரியும். அந்தப் பத்து நாளில்தான் எந்த நெட்வொர்க் என்பதையும் முடிவு செய்கிறேன்.

போன் வாங்கும்போது

கேமரா, ஸ்டோரேஜ் எல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். நீங்கள் கேட்க வேண்டியது பேண்ட். ஒவ்வொரு நிறுவனமும் சில குறிப்பிட்ட அலைவரிசைகளில்தான் சேவை தருகிறது. அந்த அலைவரிசையைப் பிடிக்கிற வசதி போனில் இல்லையென்றால், டவர் பக்கத்திலேயே இருந்தாலும் பயனில்லை. ஜியோ 4ஜிக்கு பேண்ட் 3, 5, 40. பி.எஸ்.என்.எல். 4ஜிக்கு முக்கியமாக பேண்ட் 28, பேண்ட் 1. 5ஜி என்றால் என்78 என்ற பேண்ட், 5ஜி போன்களில் பெரும்பாலும் இருக்கும். ஜியோ 700 மெகாஹெர்ட்ஸிலும் 5ஜி தருகிறது, அதற்கு என்28 வேண்டும்.

மெகாஹெர்ட்ஸ் கணக்கில் 700, 850, 900 மாதிரி சின்ன எண் அலைகள் தூரம் போகும், சுவருக்குள்ளும் நுழையும். 3500 பக்கம் இருக்கிற 5ஜி அலை வேகம் கொடுக்கும், ஆனால் சுவரில் சோர்ந்துவிடும். மரத்திலும்தான். ஈரமான ஓலையும் இலையும் அலையைக் குடித்துவிடும். எங்கள் தோப்புக்கு வெளியே தார் ரோட்டில் 5ஜி பறக்கும், இருபது மரம் உள்ளே வந்தால் 4ஜிக்கு இறங்கிவிடும். தோப்பு, காடு, மலை, தடித்த மண்சுவர் வீடு என்றால் இந்தச் சின்ன மெகாஹெர்ட்ஸ் அலைகளுக்கான பேண்டுகள் (700-க்கு 28, 850-க்கு 5) இருக்கிற போனாக வாங்குங்கள். மாடலின் பெயரோடு பேண்ட் என்று சேர்த்துத் தேடினால் தயாரிப்பாளரின் பக்கத்திலேயே பட்டியல் கிடைக்கும்.

ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. பேச்சும் 4ஜியில்தான், அதாவது வோல்ட்டி. பழைய பட்டன் போனில் அந்த சிம்மைப் போட்டுவிட்டு ஏன் கால் போகவில்லை என்று கேட்கிறவர்கள் எங்கள் கம்பெனியிலேயே உண்டு.

செகண்ட் ஹேண்ட் போன் என்றால் காசு கொடுக்கும் முன் *#06# அழுத்துங்கள், அந்த போனுக்கே உரிய பதினைந்து இலக்க அடையாள எண், அதாவது ஐஎம்இஐ, வரும். ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்து, ஒரு இடைவெளி, பிறகு அந்த எண், இதை 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்த ஐஎம்இஐ தடை செய்யப்பட்டதா என்று பதில் வரும். தொலைந்து போனதாகப் பதிந்து முடக்கிய போனை வாங்கிவிட்டால், அதில் எந்த சிம்மும் வேலை செய்யாது.

பழைய போனிலிருந்து புதுசுக்கு

முதல் வேலை, காண்டாக்ட்ஸ் செயலியில் சிம்மில் இருக்கும் பெயர்களை இறக்குமதி செய்து கூகுள் கணக்கில் சேமிப்பது. ஐந்து நிமிஷம். நான் அன்றைக்குச் செய்யாதது அதுதான்.

வாட்ஸ்அப்பில் அமைப்புகளுக்குள் சாட்டுகளை மாற்றும் வசதி இருக்கிறது. இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து க்யூஆர் கோடைக் காட்டினால் நேரடியாக மாறிவிடும். கூகுள் டிரைவ் பேக்கப்பை நம்பினால், அது இப்போது 15 ஜிபி இலவச இடத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. கல்யாண வீடியோக்கள் நிறைந்த கணக்கில் பேக்கப் பாதியில் நிற்கும். அப்பாவின் போனில் 'காலை வணக்கம்' படங்கள் மட்டுமே 4 ஜிபி இருந்தன. கேட்காமலே அழித்தேன். இதுவரை அவர் கவனிக்கவில்லை.

யுபிஐ செயலிகள் மட்டும் நகலாகாது. வங்கியில் பதிந்த சிம் புது போனுக்குள் இருக்க வேண்டும், அதிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும், அப்போதுதான் கணக்கு ஒட்டும். முதல் நாளில் பெரிய தொகை அனுப்ப வங்கி விடாது. உரக்கடைக்குப் பணம் கட்ட வேண்டிய நாளாகப் பார்த்து போன் மாற்ற வேண்டாம்.

நோட்டுப் போட்டு அளப்பது

இப்போது கவரேஜ். 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி, நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் கவரேஜ் வரைபடம் போட்டாக வேண்டும். அதை முதலில் பாருங்கள். நம் ஊரே அதில் இல்லையென்றால் அந்த நிறுவனத்தை அங்கேயே விட்டுவிடலாம். இருக்கிறது என்றால், ஊரில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். அடுப்படியில் இருக்கிறதா என்று வரைபடம் சொல்லாது.

நான் செய்தது இது. தீபாவளிக்கு வந்த தம்பி, மச்சான், பக்கத்துத் தோட்டத்து அக்கா என்று மூன்று வேறு நெட்வொர்க் சிம்களை வாங்கி, ஒவ்வொன்றாக ஒரே போனில் போட்டு அளந்தேன். போன் ஒன்றே ஒன்றாக இருப்பது முக்கியம். ஒரு போனின் நாலு கோடும் இன்னொரு போனின் நாலு கோடும் சமம் கிடையாது. கோடுகளை விட்டுவிட்டு அமைப்புகள், போனைப் பற்றி, சிம் நிலை என்று போனால் சிக்னல் வலிமை டிபிஎம் என்ற கணக்கில் மைனஸ் எண்ணாக இருக்கும். பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. 4ஜியில் மைனஸ் 90 நன்றாக இருக்கிறது என்று பொருள். மைனஸ் 105 தாண்டினால் நெட் இழுக்கும். 115 தாண்டினால் பேச்சே அறுபடும்.

என் நோட்டில் ஒரு நெட்வொர்க்கின் பக்கம் இப்படி இருக்கிறது (வேகம் எம்பிபிஎஸ் கணக்கில்):

ஆசாரம் (வீட்டின் முன்கூடம்), காலை 7 மணி: மைனஸ் 94, டவுன்லோடு 38, அப்லோடு 9.
சமையலறை, காலை 7.10: மைனஸ் 112, டவுன்லோடு 5, அப்லோடு அரை. பேச்சு ஒருமுறை அறுந்தது.
ஆசாரம், இரவு 8.30: மைனஸ் 95, டவுன்லோடு 2.

மூன்றாவது வரியைப் பாருங்கள். சிக்னல் காலையில் இருந்த மாதிரியேதான் இருக்கிறது, வேகம் மட்டும் 38-லிருந்து 2-க்கு விழுந்துவிட்டது. டவரில் கூட்டம். ஊர் முழுக்க அந்த நேரத்தில் வீடியோ பார்க்கிறது. இதற்குப் புது போன் மருந்தாகாது, ஜன்னல் ஓரமாக நகர்வதும் மருந்தாகாது. இரண்டாவது வரியின் நோய் வேறு, அது சுவரின் வேலை. பகல் பதினோரு மணிக்கு வேகத்தை அளந்து ஸ்கிரீன்ஷாட் போடுகிறவர்களை நம்பாதீர்கள். ராத்திரி எட்டரைக்கு என்ன வருகிறதோ அதுதான் நமக்குக் கிடைக்கிற வேகம்.

அளக்க டிராயின் மைஸ்பீடு செயலியே போதும். எம்பிபிஎஸ் என்று வரும் எண்ணை எட்டால் வகுத்தால் நொடிக்கு எத்தனை எம்பி இறங்கும் என்று தெரியும். வாட்ஸ்அப் வீடியோ காலுக்கு இரண்டு இருந்தால் ஓடும், ஆனால் அப்லோடும் ஒன்றாவது வேண்டும், இல்லாவிட்டால் நமக்கு அவர்கள் தெரிவார்கள், அவர்களுக்கு நாம் உறைந்து நிற்போம். 300 வேகம் அப்பாவுக்கு எதற்கு என்று எனக்குப் புரிவதில்லை.

பேச்சையும் அளக்க வேண்டும். யாரையாவது அழைத்து, ஆசாரத்தில் தொடங்கி சமையலறை வழியாகப் பின்கட்டு வரை பேசிக்கொண்டே இரண்டு நிமிஷம் நடங்கள். எங்கே அறுந்தது என்று குறியுங்கள்.

எந்த நெட்வொர்க் ஜெயித்தது என்று இங்கே எழுதவில்லை. எங்கள் தோப்பில் தோற்றது உங்கள் தெருவில் முதலிடத்தில் இருக்கும்.

ஒரு சின்ன விஷயம். வீட்டில் பிராட்பேண்ட் வைஃபை இருந்து, சிக்னல் வீட்டுக்குள் மட்டும்தான் பிரச்சினை என்றால், வைஃபை காலிங் வசதியை இயக்கிப் பாருங்கள். ஜியோவும் ஏர்டெல்லும் தனிக்கட்டணம் இல்லாமல் தருகின்றன. என் சின்ன மாமியார் வீட்டில் அதோடு வேலை முடிந்தது, சிம் மாற்றவே இல்லை.

காசுக் கணக்கு

28 நாள் பிளானை மாசப் பிளான் என்று நினைக்கக் கூடாது. வருஷத்துக்குப் பன்னிரண்டு இல்லை, பதிமூன்று ரீசார்ஜ். 2024 ஜூலை விலை உயர்வுக்குப் பிறகு ஜியோவில் நாளுக்கு ஒன்றரை ஜிபி, 28 நாள் பிளான் 299 ரூபாய் ஆனது. பதிமூன்று தடவைக்கு 3,887. அதே உயர்வில் நாளுக்கு இரண்டரை ஜிபி தரும் 365 நாள் பிளான் 3,599 ஆனது. விலை அடிக்கடி மாறும், கணக்குப் போடும் முறை மாறாது: தொகையை நாளால் வகுங்கள், அடுத்த பிளானின் நாள் கூலியோடு ஒப்பிடுங்கள். ஆனால் புதுசாகப் போகிற நெட்வொர்க்கில் முதலிலேயே வருஷ பிளான் போட வேண்டாம். ஒரு 28 நாள் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

போனின் டேட்டா பயன்பாட்டுப் பக்கத்தில் போன மாதம் எவ்வளவு செலவானது என்று இருக்கும். அப்பாவுக்கு நாளுக்கு அரை ஜிபி தாண்டவில்லை. அளவில்லா 5ஜி வேண்டுமானால் பெரும்பாலும் நாளுக்கு 2 ஜிபி பிளானுக்கு மேலே போக வேண்டும். தோப்புக்குள் 5ஜியே வராதவருக்கு அந்தக் காசு வீண். நெட்டே வேண்டாம், பேசினால் போதும் என்கிறவர்களுக்கு, டிராய் சொன்னதால் 2025 ஜனவரியில் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பிளான்கள் வந்தன. செயலியின் முகப்பில் அவை கண்ணில் படாது, கீழே தள்ளித் தேட வேண்டும்.

நம்பரை மாற்றுவது

ஆங்கிலத்தில் போர்ட் என்ற நான்கு எழுத்து, ஒரு இடைவெளி, உங்கள் பத்து இலக்க எண். இதை அதே சிம்மிலிருந்து 1900-க்கு அனுப்புங்கள். ரீசார்ஜ் தீர்ந்திருந்தாலும் இந்த எஸ்எம்எஸ் போக வேண்டும் என்பது 2021 டிசம்பரில் டிராய் போட்ட உத்தரவு. பதிலாக எட்டு எழுத்து-எண் கொண்ட யுபிசி கோடு, அதாவது நம்பர் மாற்றத்துக்கான குறியீடு, வரும். தமிழ்நாட்டில் அது நாலு நாள் செல்லும். அதையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு புது நிறுவனத்தின் கடைக்குப் போங்கள்.

கோடு வராமல் போக சில காரணங்கள் உண்டு. இப்போதைய நெட்வொர்க்குக்கு வந்து 90 நாள் ஆகவில்லை, போஸ்ட்பெய்டு பாக்கி இருக்கிறது, அல்லது தொலைந்த சிம்முக்கு மாற்று சிம் வாங்கி ஏழு நாள் ஆகவில்லை. கடைசி விதி 2024 ஜூலை 1 முதல். யாரோ உங்கள் பெயரில் மாற்று சிம் எடுத்து நம்பரைக் கடத்திவிடக் கூடாது என்பதற்காக.

கோடு கேட்டதும் பழைய நிறுவனத்திலிருந்து போன் வரும். அதுவரை இல்லாத சலுகையெல்லாம் அன்றைக்குப் பிறக்கும். சமையலறையில் சிக்னல் வருமா என்று மட்டும் கேளுங்கள்.

ஒரே மாநிலத்துக்குள் மூன்று வேலை நாளில் மாறிவிடும். இடையில் ஞாயிறு வந்தால் தள்ளிப் போகும், அதனால் திங்கட்கிழமை கொடுப்பது என் வழக்கம். பழைய சிம்மில் சேவை இல்லை என்று வரும்வரை அது போனிலேயே இருக்கட்டும், அப்புறம் புதுசைப் போடுங்கள். பழைய பேலன்ஸும் மிச்சமிருக்கும் நாளும் கூட வராது, ஆகவே ரீசார்ஜ் முடிகிற வாரத்தில் தொடங்குங்கள்.

கடையில் கைரேகை வைக்கும்போது ஒருமுறை சரியாகப் பதிந்த பிறகு, 'விழவில்லை' என்று இன்னொருமுறை கேட்டால் திரையைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் உங்கள் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று பாருங்கள். என் மாமனார் பெயரில் அவருக்கே தெரியாத ஒரு நம்பர் இருந்தது. அங்கேயே 'இது என் எண் இல்லை' என்று குறித்தோம்.

புது சிம் ஓடத் தொடங்கியதும் யுபிஐ செயலி மறுபடி சரிபார்க்கச் சொல்லும். எஸ்எம்எஸ் போகிற பிளானாக முதல் ரீசார்ஜ் இருக்கட்டும். அப்புறம் ராத்திரி எட்டரைக்கு அதே நோட்டை எடுத்துக்கொண்டு அதே இடங்களில் மறுபடி அளந்தேன். சமையலறையில் மைனஸ் 98. ஆனால் அப்பா இன்னமும் போன் அடித்தால் எழுந்து களத்துக்குத்தான் போகிறார், சிக்னல் இல்லாத காலத்துப் பழக்கம். மழையில் குடை பிடித்துக்கொண்டும் போகிறார்.

பழைய போனை யாருக்காவது கொடுப்பதாக இருந்தால், ரீசெட் செய்யும் முன் கூகுள் கணக்கை அதிலிருந்து நீக்க வேண்டும். நீக்காமல் ரீசெட் செய்தால் வாங்கியவர் திறக்கும்போது உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கலாம். ஒரு மாதம் போகட்டும், ஏதாவது விட்டுப்போயிருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். பழைய சிம்மையும் அந்த போனோடு சேர்த்து ஒரு கவரில் போட்டு பீரோவில் வையுங்கள். கத்தரிக்க வேண்டாம்.