சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவம்: அந்தப் பழைய ஃபைல் எங்கே?

பிரசவ வார்டில் செவிலியராக வேலை பார்க்கிறேன். சென்ற வாரம் எட்டு மாதக் கர்ப்பத்தோடு ஒரு பெண் வந்தாள். முதல் குழந்தை சிசேரியன். இரண்டாவதைச் சுகப்பிரசவமாகப் பெற வேண்டும் என்று ஆசை. பழைய ஃபைல் எங்கே என்று கேட்டேன். "அது ஊர்ல அம்மா வீட்டுல கிடக்கும் சிஸ்டர். ஆனா தையல் குறுக்காத்தான் இருக்கு, பாருங்க" என்றாள். 2013-ல் நானும் என் டாக்டரிடம் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னேன்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 45 சிசேரியன். அதனால் இந்த ஆசையோடு வருபவர்கள் நிறைய. கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் ஒரே ஒருமுறை குறுக்கு வெட்டு போட்டவர்கள் முயன்றால், 100-க்கு 60 முதல் 80 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. சத்தாகச் சாப்பிடுவது, நடப்பது, செக்கப்பைத் தவறவிடாமல் இருப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். நிறையப் பேர் கோட்டைவிடும் விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

ஆபரேஷன் நோட்ஸ் வாங்காமல் வீட்டுக்கு வருவது

வயிற்றில் தெரியும் தழும்பு வேறு, உள்ளே கர்ப்பப்பையில் போட்ட வெட்டு வேறு. மேலே குறுக்காக இருந்தாலும் உள்ளே நெடுக்காக இருக்கலாம். கீழ்ப்பகுதிக் குறுக்கு வெட்டு என்றால், பிரசவ வலியின்போது அந்த இடம் பிரியும் ஆபத்து சுமார் 200-ல் ஒருவருக்கு. மேல்பகுதி வரை போன நெடுக்கு வெட்டு என்றால் 100-ல் 4 முதல் 9 பேருக்கு. அவர்களுக்கு வலி தொடங்கும் முன்பே சிசேரியன் செய்துவிடுவார்கள். பிரிந்தால் தாய், குழந்தை இரண்டு உயிருக்கும் ஆபத்து. எந்த வெட்டு என்பதைத் தழும்பைத் தடவிப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஆபரேஷன் பற்றி டாக்டர் எழுதி வைக்கும் குறிப்பில், அதாவது ஆபரேஷன் நோட்ஸில்தான் அது இருக்கும்.

என் முதல் பிரசவம் 2009-ல், வழக்கம்போல் தாய்வீட்டு ஊரில். குழந்தை தலை மேலே இருந்ததால் சிசேரியன். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'சிசேரியன், ஆண் குழந்தை, எடை' என்று மூன்று வரிதான். நர்ஸாக இருந்தும் ஆபரேஷன் நோட்ஸ் கேட்க எனக்குத் தோன்றவில்லை. நான்கு வருடம் கழித்துச் சென்னையில் இரண்டாவது கர்ப்பம். என் டாக்டர் 34-வது வாரத்தில் நோட்ஸ் கேட்டார். ஊர் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டால், பழைய கேஸ் ஷீட்டுகளைக் கழித்துவிட்டோம் என்றார்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளின்படி மூன்று வருடம்தான் ஆவணங்களை வைத்திருக்க வேண்டும். அதற்குள் கேட்டிருந்தால் 72 மணி நேரத்தில் தந்தாக வேண்டும். நான்தான் கேட்கவில்லை.

விவரம் தெரியாமல் முயல டாக்டர் ஒப்பவில்லை. மறுபடியும் சிசேரியன். முதல் ஆபரேஷனால் மூத்திரப்பை கர்ப்பப்பையோடு ஒட்டிப்போயிருந்ததால் இந்த முறை ரொம்ப நேரம் பிடித்தது. வெட்டு, கீழ்ப்பகுதியில் போட்ட சாதாரணக் குறுக்கு வெட்டுதான் என்று உள்ளே பார்த்த பிறகு சொன்னார்கள். குழந்தை தலைகீழாகத் திரும்பியிருந்தது, எடையும் சரி. ஒரு காகிதம் இருந்திருந்தால் முயன்று பார்த்திருக்கலாம். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த எரிச்சல் தீரவில்லை. வார்டில் யாராவது "ஃபைல் ஊர்ல" என்று சொல்லும்போதெல்லாம் அது திரும்ப வருகிறது.

ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே ஆபரேஷன் நோட்ஸின் நகலை எழுத்தில் கேளுங்கள். எதற்காக சிசேரியன், எத்தனையாவது வாரம், கர்ப்பப்பையில் எந்த வெட்டு, அது கிழிந்து நீண்டதா, எத்தனை அடுக்குத் தையல், இத்தனையும் அதில் இருக்க வேண்டும். போனில் படம் எடுத்து, கணவர் போனிலும் ஒன்று வையுங்கள்.

தொலைந்தே போயிருந்தாலும் உடனே மனம் விட வேண்டாம். எல்லா டாக்டரும் என் டாக்டரைப் போல் முடிவெடுப்பதில்லை. எந்த வாரத்தில், என்ன காரணத்துக்காகச் செய்தார்கள் என்பதை வைத்துச் சிலர் யோசிப்பார்கள். மாதம் நிறைந்து, வலி வந்தபின் செய்தது என்றால் கீழ்ப்பகுதி வெட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ரொம்பக் குறைமாதம், குழந்தை குறுக்கே கிடந்தது என்றால் சந்தேகப்படுவார்கள்.

ஆஸ்பத்திரியை விசாரிக்காமல் இருப்பது

"பார்க்கலாம்மா" என்று சொல்லிக்கொண்டே வந்து 37-வது வாரத்தில் சிசேரியனுக்குத் தேதி குறிக்கும் டாக்டர்கள் உண்டு. ஐந்தாம் மாதத்திலேயே நேராகக் கேளுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்கு மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா? ரத்தம் கிடைக்குமா? தியேட்டர் உடனே திறக்குமா? வலி நேரம் முழுக்கக் குழந்தையின் இதயத்துடிப்பை மெஷினில் பார்த்துக்கொண்டே இருப்பீர்களா? தையல் பிரிவதை பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுப்பது அந்தத் துடிப்புதான். இந்த நான்கில் ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் வேறு இடம் பாருங்கள். கூட இருப்பவர்களுக்குச் சங்கடமாக இருந்தாலும் கேளுங்கள்.

இடைவெளி

முந்தைய பிரசவத்துக்கும் இதற்கும் இடையே 18 மாதமாவது இருக்கட்டும்.

வலியை வரவழைக்க விளக்கெண்ணெய், கஷாயம், தெரிந்தவர் கொடுத்த மாத்திரை

வேண்டவே வேண்டாம்.

வீட்டிலேயே வலியைத் தாங்கிப் பார்ப்பது

முதல் பிரசவத்துக்குச் சொல்வதுபோல் 'வலி நன்றாகக் கூடட்டும், அப்புறம் போகலாம்' என்பது சிசேரியன் ஆனவர்களுக்குப் பொருந்தாது. வலி ஒழுங்காக வரத் தொடங்கியதும், பனிக்குடம் உடைந்ததும் கிளம்பிவிடுங்கள். வலி விட்டு வரும் இடைவெளியிலும் தழும்பு இருக்கும் இடம் வலித்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ மாமியாரையும் நல்ல நேரத்தையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். அந்த ஃபைலைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.