பந்துக்கு முன்னால் பலூன்

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பந்து பிடிக்கப் பழக்கும்போது எடுத்த எடுப்பிலேயே டென்னிஸ் பந்தை வீசாதீர்கள். பயத்தில் முகத்தைத் திருப்புவார்கள், பந்து மேலே படும், அப்புறம் விளையாடவே வரமாட்டார்கள். முதலில் பலூன் கொடுங்கள். அது மெதுவாக இறங்குவதால் கண் அதைத் தொடரவும் கை தயாராகவும் நேரம் கிடைக்கும். (வெடித்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள், வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.) பிறகு பழைய சாக்ஸில் துணி திணித்த பந்து. நாலைந்து அடி தள்ளி நின்று, கையைத் தாழ்த்தி, நெஞ்சுக்கு நேராக மெல்லப் போடுங்கள்.

சமநிலைக்குத் தரையில் ஒரு சாக்பீஸ் கோடு போதும். அதன்மேல் நடக்கும்போது காலைப் பார்க்காமல் எதிர்ச்சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லுங்கள், தடுமாற்றம் குறையும். நொண்டியடிப்பதையும் இரண்டு காலிலும் மாற்றி மாற்றிப் பழக்குங்கள்.