கடவுள் உண்டா என்று பேச உட்காரும் முன்

தமிழக-கேரள எல்லைப் பக்கத்து வாசகசாலையில் இந்தப் பேச்சை எடுத்தால் பத்தாவது நிமிடத்தில் சத்தம் ஏறிவிடும். பெரும்பாலும் சண்டை கொள்கையில் இல்லை, சொல்லில்தான். எல்லை ஊரான களியக்காவிளைக்கு மேற்கே, மலையாளத்தில், ‘தெய்வம்’ என்றால் உலகைப் படைத்தவரும் அதில் அடங்குவார். கிழக்கே, தமிழில், அதே சொல்லுக்கு ஊர்த் தெய்வங்களான இசக்கியும் மாடனும் முதலில் வந்து நிற்பார்கள். ஆகவே முதல் 20 நிமிடம் சொல்லுக்கே. எட்டுப் பத்துப் பேர், ஒன்றரை மணி நேரம், ஒரு கரும்பலகை போதும். நீங்கள் சொல்கிறவர் படைத்தவரா, எல்லாம் வல்லவரா, முழுக்க நல்லவரா, நம் காரியத்தில் தலையிடுபவரா? நான்குக்கும் ஒவ்வொருவரும் பதில் சொல்லட்டும், அதைப் பலகையில் எழுதுங்கள்.

அவசரப்பட்டு இதை விட்டுவிட்டால் கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலை இடறும். அங்கே பாறையில் சமணரின் அருகர்களான தீர்த்தங்கரர்கள், கோயிலில் பகவதி. சமணர் படைப்புக் கடவுளை ஏற்பதில்லை, தீர்த்தங்கரரை வணங்குகிறார்கள். கும்பிடுகிறவனெல்லாம் ஆத்திகன் என்ற கணக்கு அங்கே செல்லாது.

பிறகு ஆளுக்கொரு துண்டுச் சீட்டு, பெயர் வேண்டாம். உண்டா? அறிய முடியுமா? இரண்டையும் தனித்தனி வரியில் எழுதச் சொல்லுங்கள். ‘உண்டு, ஆனால் தர்க்கத்தால் நிறுவ முடியாது’ என்பதில் முரண் இல்லை. ஜெர்மன் தத்துவவாதி காண்ட் 1781-இல் வெளியிட்ட நூலில், கோட்பாட்டு அறிவால் கடவுளை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது என்றார். இரண்டாம் வரியில் ‘முடியாது’ என்பவர்களுக்கு 1869-இல் ஆங்கிலேய உயிரியலாளர் ஹக்ஸ்லி தனிப்பெயரே வைத்தார், தமிழில் அறியொணாவாதி. அவரைப் ‘பயந்த நாத்திகன்’ என்று கேலி பேச விடாதீர்கள். அவர் பதில் சொல்வது வேறு கேள்விக்கு.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது அளவைக்கு, அதாவது ஒன்றை எந்த வழியில் அறிகிறோம் என்பதற்கு. காண்டல் (நேரில் காண்பது), கருதல் (அனுமானிப்பது), உரை (நூல் அல்லது பெரியோர் சொல்) என்ற மூன்றில் எதை ஏற்கிறீர்கள் என்று கேளுங்கள். மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி நகரில் மணிமேகலை சமயவாதிகளிடம் கேட்கும் காதையில் முதலில் பேசுபவன் அளவைகளை விளக்கும் அளவைவாதி. அந்த வரிசை சும்மா வைத்ததல்ல. கடைசியில் வரும் பூதவாதி, அதாவது உலகாயதன், கண்ணால் கண்டதே உண்மை என்கிறான். உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிவாய் என்று அவள் மடக்குகிறாள். காண்டல் மட்டும் போதும் என்பவருக்கு அந்தக் கேள்வியைப் போடுங்கள். உரையை ஏற்பவரிடம், யாருடைய உரை, அடுத்த வீட்டுக்காரரின் வேதம் ஏன் ஆகாது என்று கேட்கலாம்.

கருதலை ஏற்பவருக்குச் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் முதல் சூத்திரம் நல்ல பயிற்சி. அவன், அவள், அது எனப்படும் உலகம் தோன்றி, நின்று, அழிகிறது. ஆகவே அதைத் தோற்றுவிக்க ஒருவன் வேண்டும். மறுப்பவர் தட்டவேண்டிய இடம் முதல் படி: பானை உடைவதைப் பார்த்தோம், உலகம் முழுதும் இல்லாமல் போனதை யார் பார்த்தார்? வேதத்தை ஏற்றும் படைத்தவரை ஏற்காத மீமாம்சகர் அங்கேதான் தட்டினார்கள்.

‘நல்லவர்களுக்கு ஏன் துன்பம்?’ என்ற கேள்வி எப்படியும் வரும். வந்ததும் பலகையைப் பாருங்கள். எல்லாம் வல்லவர், முழுக்க நல்லவர் என்று சொன்னவரைத்தான் அது தாக்கும். கோபப்படும் இசக்கியை அது தொடாது.

உண்டியல் கணக்கு, பூசாரி, பாதிரியார் என்று பேச்சு திரும்பினால் பலகை மூலையில் எழுதி இன்னொரு நாளைக்கு வையுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் புதுச் சீட்டுக் கொடுத்து, அதே இரண்டு வரியை மறுபடி எழுதச் சொல்லுங்கள்.