மாசு கலந்தால் உருகுநிலை என்ன ஆகும்? ஃப்ரீசரை வைத்தே பார்த்துவிடலாம்

உயர்நிலை மூன்றில் வேதியியல் எடுக்கும் பிள்ளைகளிடம், “மாசு கலந்தால் உருகுநிலை என்ன ஆகும்?” என்று கேட்டுப் பாருங்கள். “குறையும்” என்று சட்டென்று சொல்வார்கள். அது பாதிப் பதில்தான். உருகுநிலை குறைவதோடு, பொருள் ஒரே வெப்பநிலையில் உருகாமல், ஒரு வெப்பநிலையில் தொடங்கி இன்னொன்றில் முடியும். இந்த இரண்டாவது பாதியைத்தான் நான் முக்கியம் என்பேன். ஒரு பொருள் தூய்மையானதா இல்லையா என்பதை ஆய்வுக்கூடத்தில் காட்டிக்கொடுப்பது அதுதான்.

பல புத்தகங்கள் இதற்குப் பனி கொட்டிய சாலையில் உப்புத் தூவுவதை உதாரணமாகச் சொல்லும். சிங்கப்பூரில் வளரும் பிள்ளைக்கு அது எட்டாத காட்சி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையில் இருப்பதை வைத்தே இதைக் கண்ணால் காட்டிவிடலாம்.

வேண்டியவை: சமையலறைத் தராசு, மூடியுள்ள மூன்று பிளாஸ்டிக் டப்பா, டம்ளர்கள், உப்பு, சீனி, நன்றாகக் கழுவிக் காயவைத்த மணல். அப்புறம், ஊசி வைத்த டிஜிட்டல் வெப்பமானி ஒன்று. அது பூஜ்யத்துக்குக் கீழேயும் காட்ட வேண்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி சரிப்படாது.

படி 1: வெப்பமானியைச் சோதியுங்கள்

சாதாரண ஐஸை நொறுக்கி ஒரு டம்ளரில் நிரப்பி, இடைவெளி அடையும் அளவுக்குக் குளிர்ந்த நீர் ஊற்றிக் கலக்குங்கள். இரண்டு நிமிடம் கழித்து 0 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். அரை டிகிரி கூடவோ குறையவோ காட்டினால் குறித்துவைத்து, பிறகு எடுக்கும் எல்லா அளவிலும் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

டம்ளரை உடனே காலி செய்துவிடாதீர்கள். சமையலறை 30 டிகிரியில் இருந்தாலும், கலக்கிக்கொண்டே இருந்தால் கடைசி ஐஸ்துண்டு கரையும்வரை எண் 0-ஐ விட்டு நகராது. உள்ளே போகும் வெப்பமெல்லாம் ஐஸை நீராக்குவதிலேயே செலவாகிறது. தூய பொருளின் அடையாளம் இந்த அசையாத எண்தான். குழாய் நீரிலும் கொஞ்சம் தாதுப்பொருள் உண்டு. ஆனால் அதன் விளைவு இந்த வெப்பமானிக்குத் தெரியாத அளவு சிறியது.

படி 2: மூன்று டப்பா

ஒவ்வொன்றிலும் 200 கிராம் நீர். முதலாவதில் 7 கிராம் உப்பு, இரண்டாவதில் 7 கிராம் சீனி, மூன்றாவதில் 7 கிராம் மணல். உப்பும் சீனியும் முழுதாகக் கரையட்டும். நீர் உறையும்போது விரியும் என்பதால் டப்பாவில் மேலே இடம் விட்டு, ராத்திரி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.

படி 3: நொறுக்கி, உருகவிட்டு, கவனியுங்கள்

காலையில் முதலில் ஒரு கரண்டியால் குத்திப் பாருங்கள். சீனி ஐஸ் கல் மாதிரி இருக்கும். உப்பு ஐஸ் வெள்ளையாக, ஈரப்பசையோடு, சுரண்டினால் வரும். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி அளவில் இருக்கும். அந்தக் குளிரிலும் உப்பு ஐஸுக்குள் உறையாத உப்புநீர் சிறு சிறு பைகளாக மாட்டிக்கொண்டிருக்கிறது. உப்புநீர் முழுவதும் உறைய ஏறக்குறைய மைனஸ் 21 டிகிரி வேண்டும்.

இனி ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி நொறுக்கி டம்ளரில் போட்டு, ஊசியை நடுவில் செருகிக் கலக்கிக்கொண்டே நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுங்கள். உப்பு டம்ளரில் ஊறும் நீரை வடித்துவிடாதீர்கள். வடித்தால் உப்பும் கூடவே போய்விடும்.

மணல் கலந்த ஐஸ் 0-இல் நின்றுவிடும். சீனி ஐஸ் கிட்டத்தட்ட மைனஸ் 0.2-இல் முடியும். உப்பு ஐஸ்தான் பார்க்க வேண்டியது. எண் எங்கேயும் நிற்காது. மைனஸ் 10-லேயே கால்வாசி நீராகியிருக்கும், மைனஸ் 5-இல் ஏறக்குறைய பாதி, கடைசித் துண்டு மைனஸ் 2-ஐ ஒட்டி மறையும். அளவுகளை வரைபடமாகப் போட்டால், முதல் டம்ளரில் கிடைத்த சமதளக் கோட்டுக்குப் பதில் ஏறிக்கொண்டே போகும் கோடு கிடைக்கும்.

ஏன் இப்படி?

ஐஸின் விளிம்பில் எப்போதும் இரண்டு காரியம் நடக்கிறது. மூலக்கூறுகள் ஐஸை விட்டு நீருக்குப் போகின்றன. நீரிலிருந்து ஐஸுக்குத் திரும்பவும் வருகின்றன. 0 டிகிரியில் போக்கும் வரவும் சமம். நீரில் உப்பு கரைந்திருந்தால் திரும்பி வருவது குறைகிறது. போவது மட்டும் குறைவதில்லை. மறுபடி சமமாக இன்னும் குளிர வேண்டும். உருகுநிலை இறங்கியது அதனால்தான்.

சரி, எண் ஏன் நிற்பதில்லை? முதலில் உருகும் சொட்டில் மொத்த உப்பும் செறிந்திருக்கிறது, அதனால் அது வெகு கீழேயே உருகுகிறது. மேலும் ஐஸ் உருக உருக உப்புநீர் நீர்த்துப்போகிறது, உருகும் வெப்பநிலையும் மேலே ஏறுகிறது.

மணல் கரையாததால் எதையும் மாற்றவில்லை. சீனிக்கு விளைவு இவ்வளவு குறைவாக இருப்பது ஏன் என்றால், இங்கே கணக்கு எடையில் இல்லை, துகள்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. சீனி மூலக்கூறு உப்பைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு கனம். ஒரே எடையில் துகள்கள் அவ்வளவு குறைவு. போதாததற்கு உப்பு கரையும்போது சோடியம் அயனி, குளோரைடு அயனி என்று இரண்டாகப் பிரிகிறது.

ஆய்வுக்கூடத்தில் எப்படிப் பயன்படுகிறது?

மெல்லிய கண்ணாடிக் குழாயில் சிறிது பொடியை அடைத்து, உருகுநிலை நெருங்கும்போது நிமிடத்துக்கு 1 அல்லது 2 டிகிரி மட்டும் ஏறும்படி சூடாக்குவார்கள். தூய பொருள் ஓரிரு டிகிரிக்குள் உருகி முடிந்துவிடும். கீழே தொடங்கி நீண்டுகொண்டே போனால் மாசு உண்டு. யூரியாவும் சின்னமிக் அமிலமும் தனித்தனியே 133 டிகிரியை ஒட்டி உருகுபவை. உங்களிடம் உள்ள வெள்ளைப் பொடி எது என்று தெரியாவிட்டால், யூரியாவைக் கொஞ்சம் கலந்து உருக்குங்கள். உருகுநிலை அசையாவிட்டால் அது யூரியா. வெகுவாக இறங்கினால் வேறு பொருள்.

ஒரு விதிவிலக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். சிம் லிம் டவர் மாதிரி மின்னணுக் கடைகளில் விற்கும் சால்டரிங் ஈயத்தில் ஒரு வகை, 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்தது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், காரீயம் 327-இல். இந்தக் கலவையோ 183 டிகிரியில், தூய பொருள் போலவே ஒரே எண்ணில் உருகுகிறது. ஆகவே கூர்மையான உருகுநிலையைப் பார்த்ததும் தூய பொருள் என்று முடிவுகட்டாமல், அந்தப் பொருளுக்குப் பதிவாகியுள்ள எண்ணோடும் ஒப்பிட்டுவிடுங்கள்.