பிசியோ வேலை வெறுத்துப்போவதற்கு முன்னால்

நாலரை வருடம் பிபிடி (பிசியோதெரபி பட்டப்படிப்பு) படித்துவிட்டு கிளினிக்கில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே "இந்த வேலையே வேண்டாம்" என்று புலம்புகிறவர்கள் நம்மில் நிறைய. சம்பளம் குறைவு, உண்மைதான். ஆனால் ஆளை உள்ளே இருந்து அரிப்பது வேறு இரண்டு: சொந்த உடம்பு, அப்புறம் நாள் முழுக்க ஐஎஃப்டி என்கிற வலி குறைக்கும் கரண்ட் மெஷினை மாட்டிக் கழற்றுகிற வேலை.

முதலில் உடம்பு. நமக்கு அதிகம் அடிவாங்குவது கீழ்முதுகு, கழுத்து, கட்டைவிரல். பேஷண்டைப் படுக்கவைக்கும் கவுச் உயரம் மாற்றக்கூடியதாக இருந்தால் ஒவ்வொரு பேஷண்டுக்கும் சலிக்காமல் மாற்றுங்கள், சாதா மரக் கவுச் என்றால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோ ஒரு முழங்காலை மேலே ஊன்றியோ செய்யுங்கள். முதுகெலும்பு மொபிலைசேஷனுக்கு, அதாவது மூட்டைக் கையால் அழுத்தி அசைத்துவிடுவதற்கு, கட்டைவிரல் நுனியையே நம்பாதீர்கள். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க அடிப்பகுதியை வைத்து, முழங்கையை நீட்டி, உடம்பைச் சாய்த்தால் எடை தானாக இறங்கும். பக்கவாதம் வந்தவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது தனியாக இழுக்கவே கூடாது. வீட்டில் இருக்கும் மகனையோ மருமகளையோ கூப்பிட்டுச் சொல்லிக்கொடுங்கள், நீங்கள் கிளம்பிய பிறகு அவர்கள்தானே செய்யப்போகிறார்கள்.

அடுத்தது அந்த மெஷின் வேலை. வேலைத் திருப்தி பெரும்பாலும் முதல் நாள் அசெஸ்மெண்டில்தான் இருக்கிறது என்பது என் அழுத்தமான நம்பிக்கை. நாமே கைவைத்துப் பார்த்து, நாமே யோசித்து முடிவெடுத்த பேஷண்ட் தேறும்போது வருகிற நிறைவு, யாரோ எழுதிய சீட்டைப் பார்த்து மெஷின் போடும்போது வராது. அதனால் புது பேஷண்டுக்கு மட்டுமாவது இரட்டை நேரம் வேண்டும் என்று முதலாளியிடம் கேளுங்கள். சும்மா கேட்டால் கிடைக்காது, கணக்கோடு போங்கள்: பேஷண்ட் நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பிவந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது என்று வாராவாரம் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நேரம் கேட்கவும் சம்பளம் கூட்டிக் கேட்கவும் அந்த நோட்டுதான் பேசும்.

ஹோம் விசிட் போகிறவர்கள் பயண நேரத்தையும் சேர்த்துக் கட்டணம் சொல்லுங்கள், ஒரே ஏரியாவை ஒரே நாளில் முடியுங்கள்.

தூங்கி எழுந்தும் அசதி தீரவில்லை, பேஷண்ட் மேல் எரிச்சல், எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற நினைப்பு. இந்த மூன்றும் சேர்ந்து தொடர்ந்தால் அது சோம்பல் இல்லை, பர்ன்அவுட். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை வேலை சார்ந்த நிலை என்றே வகைப்படுத்திவிட்டது. லீவு போடுங்கள், நம்பிக்கையான சீனியரிடம் பேசுங்கள், தேவைப்பட்டால் டாக்டரைப் பாருங்கள். அப்படியும் அந்த கிளினிக் மாறவில்லையா? கிளினிக்கை மாற்றுங்கள். நியூரோ, குழந்தைகள், ஸ்போர்ட்ஸ், அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் என்று இதே படிப்புக்கு வேறு இடங்கள் இருக்கின்றன.