லேசான ஏர் ரைஃபிளை ஜீரோ செய்வது எப்படி?

ஜீரோ செய்வது என்றால், குறி வைத்த இடத்திலேயே பெல்லட் (ஏர் ரைஃபிளில் போடும் சிறு குண்டு) விழும்படி சைட்டை, அதாவது குறி பார்க்கும் அமைப்பை, சரிசெய்வது. கடையில் எல்லோரும் முதலில் தூக்கித்தான் பார்ப்போம். லேசாக இருந்தால் உடனே பிடித்துவிடும். ஆனால் குறி பார்த்துச் சுட உட்காரும்போது அந்த லேசான துப்பாக்கிதான் படாதபாடு படுத்தும்.

வெளிநாடுகளில் மலையேறி வேட்டைக்குப் போகிறவர்கள் 3 கிலோவுக்கும் குறைந்த தோட்டா ரைஃபிளைத் தேடுவதில் நியாயம் இருக்கிறது. நாளெல்லாம் தோளில் சுமப்பார்கள், சுடுவது ஒருமுறையோ இருமுறையோ. அதிலும் தொல்லை உண்டு. 4 கிலோ ரைஃபிளில் சுடும் அதே தோட்டாவை 3 கிலோ ரைஃபிளில் சுட்டால் உதையின் ஆற்றல் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடும். மெல்லிய குழல் சீக்கிரம் சூடேறி, குறியும் நகரத் தொடங்கும்.

கடலூரில் நமக்கு ஏற மலையும் இல்லை, வேட்டையாட அனுமதியும் இல்லை. 10 மீட்டரில் காகிதத்தைச் சுடுகிறவர்களுக்குக் கனம்தான் நல்லது. இதே கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஆடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் துப்பாக்கி 5.5 கிலோ வரை இருக்கலாம். அங்கே பத்துப் புள்ளி என்பது அரை மி.மீ. அகலமுள்ள ஒரு பொட்டு! சரி, கையில் இருப்பது லேசான ஸ்பிரிங் மாடல்தான் (ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று பெல்லட்டைத் தள்ளும் வகை) என்றால் இப்படிச் செய்யுங்கள்.

முதலில் பின்தடுப்பு. மரப்பெட்டிக்குள் பழைய துணியை இறுக்கித் திணித்து, அதன் பின்னால் சுவர் இருக்கும்படி வையுங்கள். இரும்புத் தகடு வேண்டவே வேண்டாம், பெல்லட் திரும்பி வரும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பெல்லட் போடாமல் வெறுமனே டிரிகரை இழுக்காதீர்கள், பிஸ்டன் அடிவாங்கும்.

அடுத்து, ஸ்டாக் திருகுகள், அதாவது துப்பாக்கியின் கட்டையைப் பிடித்திருக்கும் திருகுகள். ஸ்பிரிங் அதிர்வில் இவை தானாகத் தளரும். சுடுவதற்கு முன் ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.

இப்போது பிடி. இங்கேதான் நிறையப் பேர் பெல்லட்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஸ்பிரிங் துப்பாக்கி இரண்டு தடவை உதறும். பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே வரும். பிஸ்டன் காற்றில் மோதி நிற்கும்போது முன்னே போகும். பெல்லட் குழலை விட்டுப் போவதற்குள் இந்த ஆட்டம் ஆரம்பித்துவிடும். எடை குறைய ஆட்டம் கூடும். அதை அடக்க இறுக்கிப் பிடித்தால், ஒவ்வொரு தடவையும் இறுக்கம் மாறி, பெல்லட்டும் வேறு வேறு இடத்தில் போய் விழும். முன்னால் தாங்கும் கையை விரித்து, உள்ளங்கையில் துப்பாக்கியைச் சும்மா படுக்க வையுங்கள். விரல்கள் பற்றக் கூடாது. தோளிலும் லேசாகப் பட்டால் போதும். அது பாட்டுக்கு உதறட்டும், ஒரே மாதிரி உதறினால் சரி. மேசைமேல் நேரடியாக வைத்தும் சுடாதீர்கள். குறி வேறெங்கோ போகும்.

ஐந்தைந்தாகச் சுடுங்கள். ஐந்தும் ஓரிடத்தில் சேரும்வரை சைட்டில் கை வைக்கக் கூடாது. பெல்லட்டில் தட்டைத் தலையே என் தேர்வு. காகிதத்தில் வட்டமாக ஓட்டை போடும், அளக்கச் சுலபம்.

சேர்ந்த பிறகு சைட். பெல்லட் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கம் பின் சைட்டை நகர்த்துங்கள். ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) என்றால் கிளிக் கணக்கு, அதாவது அதன் திருகை ஒவ்வொரு படியாகத் திருப்பும் கணக்கு, குழப்பும். 100 கெஜத்தில் கால் அங்குலம் நகர்த்தும் ஒரு கிளிக், 10 மீட்டரில் 0.7 மி.மீ. அளவுக்குத்தான் நகர்த்தும். 2 செ.மீ. தள்ளியிருந்தால் முப்பது கிளிக் பக்கம் திருக வேண்டும். நாலு கிளிக் திருகிவிட்டு ஸ்கோப் கெட்டுப்போச்சு என்று கடைக்கு ஓடாதீர்கள். என்னைக் கேட்டால், ஆரம்பத்தில் ஸ்கோப்பே வேண்டாம். லேசான துப்பாக்கியில் நாடித் துடிப்புகூட அதில் பூதாகரமாகத் தெரிந்து மிரட்டும்.

பிற்சேர்க்கை: உரிமம் பற்றிப் பலர் கேட்டார்கள். 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்குள் ஆற்றல் என்றால் 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. கடையில் அடையாள அட்டை கேட்பார்கள். "வயல்ல மடையான் சுடலாமா அண்ணே?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். கூடாது தம்பி. மடையான், கொக்கு எல்லாமே 1972 வனவிலங்குச் சட்டத்துக்குள் வரும், உள்ளே போக வேண்டியிருக்கும்.

புதுச்சேரியிலிருந்து ஒருவர் குழல் துருப்பிடிப்பதாகச் சொன்னார். கடற்காற்றுக்கு அப்படித்தான். சுட்டு முடித்ததும் எண்ணெய்த் துணியால் வெளிப்புறம் முழுக்கத் துடையுங்கள். எண்ணெய் குழலுக்குப் பின்னாலிருக்கும் காற்றுத் துளைக்குள் இறங்கக் கூடாது. இறங்கினால் அடுத்த சூட்டில் உள்ளேயே வெடித்து ஸ்பிரிங்கைக் கெடுக்கும்.